சின்ன விமானமும் ஒரு காற்று வடிகட்டியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றுச் சுருக்கி எழுதித் தரப்பட்டது.)



போன மாதம் நம் செயலாளர் கீழ்க்கட்டளையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். "இந்த வருஷம் நீங்கதான் பேசணும். எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. ஆனா அரை மணிக்கு மேல போகக் கூடாது, சாப்பாடு ஆறிடும்" என்றார். வங்கியில் இருந்தவர்கள் வங்கியைப் பற்றிப் பேசினார்கள். ஆசிரியர்கள் கல்வியைப் பற்றிப் பேசினார்கள். நான் வாழ்நாள் முழுவதும் சின்ன விமானங்களின் என்ஜினைக் கழற்றி மாட்டியவன். கையில் கிரீஸ், சட்டையில் ஆயில். அதனால் ஏர் ஃபில்டர் என்கிற ஒரு அற்ப சாமானைப் பற்றிப் பேசுகிறேன். குறைந்த செலவில் அதை மாற்றுவது எப்படி என்பதுதான் தலைப்பு. "இதுல என்ன இருக்கு?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

நம் பக்கத்து ஊர்களுக்கும் ஆகாய விமானத்துக்கும் உறவு பழையது. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்ஜலிஸ் என்பவர், சிம்ப்சன் கம்பெனி பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டச் செய்து, 1910-ல் பல்லாவரத்தில் அதைப் பறக்கவிட்டுப் பார்த்தார். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி இருக்கிறது. மீனம்பாக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கீழ்க்கட்டளையில் நாங்கள் டெலிபோனில் பேசும்போது விமானச் சத்தத்துக்காக நடுவில் நிறுத்திவிட்டுப் பேசுகிறவர்கள். ஆகவே இது நமக்கு அந்நிய விஷயம் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் கல்லூரியில் எனக்குப் பல வருஷம் பின்னால் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். பேர் வேண்டாம், இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார். தொழிலில் நன்றாக வந்தவர். வேறு ஜில்லாவில் ஒரு ஓடுபாதையில் பழைய செஸ்னா 152 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். 1977 முதல் 1985 வரை அமெரிக்காவில் செய்தார்கள். உலகம் முழுக்கப் பயிற்சிக்கு ஓடிய வண்டி.

அவர் மேஜைமேல் இரண்டு சாமான்களை வைத்தார். ஒன்று, அவருடைய விமானத்தின் பழைய காகித ஃபில்டர். இன்னொன்று, மேடவாக்கம் மெயின் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிய கார் ஃபில்டர்.

"அண்ணே, ஸ்கேல் வச்சு அளந்து பாத்துட்டேன். ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டினா கச்சிதமா உக்காந்துடும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா சாமான் விலையைவிட கூரியர் சார்ஜும் கஸ்டம்ஸும்தான் ஜாஸ்தி. காகிதம்தானே அண்ணே, இதுல என்ன பெரிய வித்தியாசம்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, முதலில் அந்தக் காகிதம் என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

செஸ்னா 152-ல் இருப்பது லைக்கமிங் ஓ-235 என்ஜின். நாலு சிலிண்டரும் சேர்ந்து சுமார் 3.82 லிட்டர் கொள்ளளவு. நிமிஷத்துக்கு 2400 சுற்று சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நாலும் காற்றை இழுக்கும். முழுசாக நிரம்புவதில்லை என்று கழித்துப் பார்த்தாலும், நிமிஷத்துக்குச் சுமார் 4000 லிட்டர் காற்று. உங்கள் மொட்டை மாடியில் இருக்கும் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நாலு, ஒவ்வொரு நிமிஷமும் அந்த மூக்கு வழியாக உள்ளே போகிறது. ஒரு மணி நேரத்துக்கு 240 தொட்டி.

அந்தக் காற்றில் புழுதி இருக்கிறது. மெட்ரோ ரயில் வேலை தொடங்கியதிலிருந்து கீழ்க்கட்டளைக்காரர்களுக்குப் புழுதியைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் நாம் தும்மிவிட்டுப் போகிறோம். என்ஜினுக்குத் தும்மத் தெரியாது. புழுதியில் இருப்பது பெரும்பாலும் மணலின் அதே பொருள்தான். அது பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி தேய்க்கும். இரண்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டிய என்ஜின், பாதி வயதிலேயே ஆயில் குடிக்கத் தொடங்கிவிடும். அதைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய லட்சக்கணக்கில் ஆகும்.

புழுதியைத் தடுப்பது ஒரு வேலை. இரண்டாவது வேலை, காற்றுக்கு வழிவிடுவது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்கு மூச்சு முட்டும், சக்தி குறையும். மூன்றாவது வேலையை யாரும் நினைப்பதில்லை. எந்த நிலையிலும் ஃபில்டர் தானே பிய்ந்து உள்ளே போய்விடக் கூடாது. கார் நடுரோட்டில் நின்றால் இறங்கித் தள்ளலாம். மேலே இருப்பவன் எங்கே இறங்குவான்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "சரி அண்ணே, அப்போ நல்ல கம்பெனி கார் ஃபில்டரா வாங்கிடறேன்" என்றார். அப்போதுதான் நான் வீட்டில்கூடச் சொல்லாத ஒரு கதையை அவருக்குச் சொன்னேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

1980-களின் தொடக்கம். நான் வேறு மாநிலத்தில் ஒரு பறக்கும் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த புதுசு. லைசென்ஸ் இன்னும் வாங்கவில்லை. சீஃப் என்ஜினியரின் கீழே வேலை பழகுகிறேன். அங்கேயும் இதே செஸ்னா 152. அந்தக் காலத்தில் அந்நியச் செலாவணி என்றால் தங்கம் மாதிரி. ஒரு சின்ன சாமான் வரவழைக்கவும் அனுமதி, விண்ணப்பம், மாதக்கணக்கில் காத்திருப்பு. எங்கள் விமானத்துக்கு நுரை வைத்த ஃபில்டர். நுரை நைந்துவிட்டது, மாற்று நுரை வரவில்லை. சீஃப் என்னிடம், "ஸ்டோர்ல தேடிப் பாரு, இருந்தா மாத்து, இல்லன்னா வண்டியை நிறுத்து" என்று சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போனார்.

ஸ்டோரில் இல்லை. பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் மணிக்கணக்கைக் கணக்குப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். எனக்கோ கெட்டிக்காரன் என்று பேர் வாங்கும் ஆசை. கடைத்தெருவில் சோபாவுக்கு நுரை விற்கிற கடைக்குப் போனேன். அளவு கொடுத்து வெட்டி வாங்கினேன். என்ஜின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து சட்டத்தில் வைத்தேன். நுரை கொஞ்சம் தடிமன். அதனால் பின்பக்கம் இருக்கும் கம்பி வலை சட்டத்தில் உட்காரவில்லை. வலையை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஃபில்டரை மாட்டிவிட்டேன். லாக் புக்கில், "ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். சீஃப் சாயங்காலம் வந்தார். "கிடைச்சுதா?" என்றார். "மாத்திட்டேன் சார்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலும் இல்லை.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. நானே எனக்கு சபாஷ் போட்டுக்கொண்டேன். பிறகு ஒருநாள் காலை, தனியாகப் பறக்க அனுமதி கிடைத்துச் சில நாட்களே ஆன ஒரு பையன் புறப்பட்டான். தரையை விட்டுச் சில நூறு அடி ஏறியதும் என்ஜின் சத்தம் மாறிவிட்டது. கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இருமுகிற மாதிரி ஒரு சத்தம். விமானம் ஏறவில்லை.

அந்தப் பையன் பதறாமல், சொல்லிக்கொடுத்தபடி கார்புரேட்டர் ஹீட் குமிழை இழுத்தான். அதை இழுத்தால் என்ன ஆகும் தெரியுமா? மூக்கில் இருக்கும் ஃபில்டர் வழி மூடி, புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று வேறு வழியாக வரும். கார்புரேட்டரில் பனி கட்டினால் கரைப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. அன்றைக்கு அதுவே மூச்சுக்குழாய் ஆயிற்று. என்ஜின் ஓரளவு தேறியது. அவன் தாழ்வாக ஒரு சுற்று வந்து ஓடுபாதையிலேயே இறக்கிவிட்டான்.

மூடியைத் திறந்தோம். ஆயிலில் ஊறி ஊதிப்போன என் சோபா நுரை, பின்னால் வலை இல்லாததால் உள்ளே இழுக்கப்பட்டுக் காற்று வழியில் பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டிருந்தது. சீஃப் அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"எவ்வளவு மிச்சம் பிடிச்சே?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பையனோட அம்மா கேட்டா, அந்தத் தொகையைச் சொல்லத் தயாரா இரு" என்றார். பிறகு லாக் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். "நடந்ததை நடந்தபடி எழுது. என்ன நுரை, எந்தக் கடை, வலையை எங்க வச்சே, எல்லாம் எழுது" என்றார். எழுதினேன். விசாரணை வந்தது. கேள்விகளுக்கு எல்லாம் அவர்தான் பதில் சொன்னார், ஏனென்றால் கையெழுத்து அவருடையது. "பையன் பண்ணிட்டான்" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. "நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்றுதான் சொன்னார். அவர் இப்போது இல்லை. அந்த வாக்கியம் என் காதில் இருக்கிறது.

இதைச் சொல்லி முடித்ததும் நம் தம்பி கார் ஃபில்டரை மேஜையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ஆனால் அவர் விடவில்லை. "அப்போ நம்ம ஆளுங்களால சொந்தமா ஒண்ணும் செய்யவே முடியாதா அண்ணே?" என்றார்.

முடியும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்கு ஸ்பிட்பயர் விமானங்கள் போனபோது, மணலுக்காக வோக்ஸ் என்கிற பெரிய ஃபில்டரை மூக்குக்குக் கீழே தாடி மாதிரி மாட்டினார்கள். மணல் நின்றது, விமானத்தின் வேகமும் குறைந்தது. எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படைப் பராமரிப்புப் பட்டறைக்காரர்கள், அங்கேயே அதைவிடச் சின்னதாக, வேகத்தை அவ்வளவு கெடுக்காத ஒரு ஃபில்டரை வடிவமைத்தார்கள். அபூகிர் ஃபில்டர் என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. அது ஒரு முழுப் பட்டறையின் வேலை. நான் அலமாரிக்குப் பின்னால் தனியாக, யாரிடமும் சொல்லாமல் செய்தேன். சொந்தமாகச் செய்வது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்காமல் செய்வதும், சொல்லாமல் செய்வதும் தப்பு.

சரி, சிக்கனமாகச் செய்ய வழி என்ன? அன்று அந்தத் தம்பிக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததை இங்கேயும் சொல்கிறேன்.

முதலாவது, எந்த வகை ஃபில்டர் என்று தேர்ந்தெடுப்பது. சின்ன விமானங்களுக்கு மூன்று வகை உண்டு. டொனால்ட்சன் போன்ற காகித ஃபில்டர் ஒன்று. செஸ்னாக்களில் இந்தக் காகித வகையை 500 மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை 1984-ஆம் ஆண்டு எண்ணிட்ட ஒரு உத்தரவே போட்டிருக்கிறது. இரண்டாவது, பிராக்கெட் போன்ற நுரை ஃபில்டர். சட்டமும் வலையும் ஒருமுறை வாங்கினால் போதும். பிறகு நுரையை மட்டும் மாற்றலாம். நுரையின் விலை குறைவு. ஆனால் 100 மணி நேரம் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். கழுவித் திரும்பப் போடக் கூடாது. மூன்றாவது, சாலஞ்சர் போன்ற எண்ணெய் தடவிய பருத்தித் துணி வகை. முதல் விலை அதிகம். கழுவி எண்ணெய் தடவிப் பலமுறை பயன்படுத்தலாம். வருஷத்துக்கு 40, 50 மணி நேரம் பறப்பவருக்கு ஒன்று லாபம். தினமும் பறக்கும் கழகத்துக்கு வேறொன்று லாபம். முதல் விலையைப் பார்த்து ஏமாறாமல், பத்து வருஷக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, காகிதம். நான் ஃபில்டர் காகிதத்தைச் சொல்லவில்லை, கூட வரும் சான்றுக் காகிதத்தைச் சொல்கிறேன். விமானம் செய்த கம்பெனியின் பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பி.எம்.ஏ. என்ற அனுமதி பெற்ற வேறு கம்பெனிகளும் அதே தரத்தில், பல சமயம் குறைந்த விலையில் செய்கிறார்கள். ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதென்றால் எஸ்.டி.சி. என்ற ஆவணம் வேண்டும். நம் ஊரில் டி.ஜி.சி.ஏ. ஏற்கும்படியான சான்று சாமானோடு வரவேண்டும்; லைசென்ஸ் உள்ள என்ஜினியர் மாட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். சிக்கனத்துக்கு இந்த வட்டத்துக்குள்ளேயே நிறைய இடம் இருக்கிறது.

மூன்றாவது, சேர்ந்து வாங்குவது. ஒரு நுரையைத் தனியாக வரவழைத்தால் கூரியர் செலவு சாமானை விழுங்கிவிடும். அதே வகை விமானம் வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, வருஷத்துக்கு ஒருமுறை, ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கேஸ்கெட் எல்லாவற்றோடும் ஒரே பெட்டியாக வரவழைத்தால் செலவு பங்காகிவிடும். நம் அம்மாக்கள் மிளகாயும் புளியும் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிப் பங்கு பிரித்த கணக்குத்தான் இது.

நாலாவது, இருப்பதைக் காப்பாற்றுவது. இதற்குக் காசே வேண்டாம். தரையில் நிற்கும்போது கார்புரேட்டர் ஹீட்டைத் தேவைக்கு மேல் இழுத்து வைக்காதீர்கள். அந்தக் காற்று ஃபில்டர் வழியாக வருவதில்லை, புழுதியோடு நேராக உள்ளே போகும். என்ஜினை வேகமாக ஓட்டிச் சோதிப்பதை மண் தரையில் செய்யாமல், சிமெண்ட் தரையில் செய்யுங்கள். விமானத்தை நிறுத்தியதும் மூக்கு ஓட்டைகளுக்கு மூடி போடுங்கள். இல்லையென்றால் குளவி வீடு கட்டிவிடும். காகித ஃபில்டரைத் தரையில் தட்டாதீர்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு மேல் போகாமல் அடியுங்கள். எத்தனை தடவை சுத்தம் செய்யலாம் என்பதற்கும் அதில் கணக்கு உண்டு.

ஐந்தாவது, பார்ப்பது. ஃபில்டருக்குப் பின்னால் ஒரு பல்பைப் பிடித்துப் பாருங்கள். கிழிசல் இருந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும். ஃபில்டரைக் கழற்றியதும், அதற்குப் பின்னால் இருக்கும் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால், ஃபில்டர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் ஓரத்து ரப்பர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஆயில் மாற்றும்போது கொஞ்சம் ஆயிலைச் சோதனைக்கு அனுப்புங்கள். அதில் சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறினால் புழுதி உள்ளே போகிறது. என்ஜின் தேய்ந்த பிறகு தெரிவதைவிட, ஒரு சின்ன பாட்டில் ஆயிலில் முன்கூட்டியே தெரிவது மலிவு.

இவ்வளவுதான். அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். சான்றோடு வரும் நுரை வகைக்கு மாறினார். அதே விமானம் வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரைத் தேடிப் பிடித்தார். மூன்று பேரும் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தார்கள். கணக்குப் பார்த்ததில், கார் ஃபில்டர் விலையைவிடக் கூடுதல்தான். ஆனால் அவர் முதலில் பயந்த தொகையில் பாதிகூட ஆகவில்லை. மாட்டுகிற அன்று என்னைக் கூப்பிட்டார். போனேன். அவருடைய என்ஜினியர் சின்னப் பெண், என் பேத்தி வயது. நுரையை வைத்தாள். பின் வலையை வைத்தாள். விரலால் சுற்றி அழுத்திப் பார்த்தாள். சான்றுக் காகிதத்தில் இருந்த எண்ணையும் நுரைப் பையில் இருந்த எண்ணையும் சத்தமாகப் படித்து ஒப்பிட்டாள். அதன் பிறகுதான் லாக் புக்கைத் திறந்தாள். "தாத்தா, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். பார்த்தேன். எனக்குக் கண் கொஞ்சம் கலங்கியது. புழுதி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நண்பர்களே, இங்கே இருப்பவர்களில் விமானம் வைத்திருப்பவர் ஒருவர்தான். ஆனால் கையெழுத்துப் போட்டுச் சம்பாதித்தவர்கள் நாம் எல்லோரும். மார்க் பட்டியலில், கடன் பத்திரத்தில், கட்டட வரைபடத்தில், மருந்துச் சீட்டில் போட்டிருக்கிறோம். நம் பிள்ளைகள் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்கள். "கிடைச்சுதா?" என்று யாராவது கேட்டால், "மாத்திட்டேன் சார்" என்று நான் சொன்ன மாதிரி பதில் சொல்லாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் நான் திருப்பித் தர முடியாத கடன் அது ஒன்றுதான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாடு ஆறுவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.